ஐந்தரை மணி நேரம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் பிரிக்கும் கொட்டகை ஒன்றுக்கு மேலே, மாடியில் இருக்கிறது அந்த இன்டர்நெட் கம்பெனி. இரண்டு அறை, ஓயாமல் இரையும் மெஷின் அலமாரி ஒன்று, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் லில்லி. முதலாளி பெத்துராஜ் தேனியில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். வயர் இழுக்கிறவர்கள் காலையில் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம் ஏணியைச் சாத்திவைக்க மட்டும் வருவார்கள். அதுவரை லில்லி பேசுவதெல்லாம் போனில்தான்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களும் இப்போது இல்லை. எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பூத் போனதும் கேபிள் டிவி ஆபீஸ். கேபிள்காரர் இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்ததும் இந்த மேசை. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. புரியாத வார்த்தையை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். புரிந்த அன்று அதைக் கோடு போட்டு அடிப்பாள். அப்படி ஆறு நோட்டு அடித்து முடித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தம்பி பிரேம்சிங் சர்ச் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பான். அன்று மதியச் சாப்பாடு அவன் வீட்டில். தம்பி பெண்டாட்டி ஸ்வீட்டி பரிமாறுவாள். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் லில்லி இன்னொருவர் கையால் சாப்பிடுவது. மற்ற நாட்களில் அரை டம்ளர் அரிசி.

அவள் பார்க்கும் வேலைகளில் ஊரில் யாருக்கும் தெரியாத வேலை ஒன்று உண்டு. இன்டர்நெட் இணைப்பு இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தந்த நேரத்துக்கு ஒரு ஐ.பி. எண் இருக்கும். எந்த எண் எந்தக் கம்பெனியுடையது என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். தேடினால் கம்பெனியின் பெயர் வரும், புகார் அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரி வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. அந்த எண் அந்த நேரத்தில் எந்த வீட்டில் இருந்தது என்பது கம்பெனிக்கு மட்டும்தான் தெரியும். போடியைப் பொறுத்தவரை லில்லிக்கு மட்டும். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் வீடுகளில் இருக்கும் இன்டர்நெட் பெட்டிகள் எல்லாம் விழித்து, முதலில் விழித்தது முதல் எண்ணை வாங்கிக்கொள்ளும். காலையில் ஒரு வீட்டில் இருந்த எண் சாயங்காலம் வேறு வீட்டில் இருக்கும். அதனால் எண்ணைவிட நேரம் முக்கியம்.

புகார்கள் ஜெர்மனியிலிருந்து வரும், ஹாலந்திலிருந்து வரும். உங்கள் எண்ணிலிருந்து எங்கள் கணினிக்குள் நுழைய நாற்பது தடவை முயற்சி நடந்திருக்கிறது, கவனிக்கவும் என்று இருக்கும். எழுதுவது மனிதர்கள் இல்லை, மெஷின்கள். நேரம் எப்போதும் லண்டன் நேரம். லில்லி அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி, பதிவேட்டில் வீட்டைத் தேடி, போன் போடுவாள்.

“அண்ணே, உங்க வீட்டு வாசல்ல மாட்டிருக்க கேமராவுக்குள்ள எவனோ பூந்துட்டான். பாஸ்வேர்ட மாத்துங்க.”

“யாரு சொன்னா?”

“ஜெர்மனில இருந்து புகார் வந்திருக்கு.”

“என் வீட்டு வாசலு ஜெர்மனிக்காரனுக்குத் தெரியுது, கரண்ட் ஆபீஸ்காரனுக்குத் தெரிய மாட்டேங்குதே ஆத்தா!”

சரிசெய்ததும் பதில் எழுதுவாள்: ‘கவனித்தோம். சரிசெய்தோம். லில்லி, போடிநாயக்கனூர்.’ பெயர் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை; அவளாகப் போடுவது. பதினொரு வருடத்தில் ஒரு பதிலுக்கும் மறுபதில் வந்ததில்லை.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, புகார் வரும் மின்னஞ்சலில் தமிழில் ஒரு கடிதம் கிடந்தது. லில்லி அதை மூன்று தடவை படித்தாள்.

எழுதியவள் சந்திரவல்லி. போடிமெட்டுக்கு மேலே மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்து, தனியாக இருக்கிறவள். ஏலக்காய் ஏலத்தில் அன்றன்று என்ன விலை போனது என்பதைத் தன் இணையதளத்தில் போடுகிறாள். மலையில் இருக்கும் சிறு தோட்டக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான், வாசலுக்கு வந்து காய் கேட்கிற வியாபாரிக்கு விலை சொல்கிறார்கள். அந்தத் தளத்தின் அடியில், ஞாயிற்றுக்கிழமை, பொய்ப் பெயரில் ஒருவன் எழுதியிருந்தான். அதில் இருந்த இரண்டு வார்த்தைகளை லில்லி வாழ்நாளில் வாய்விட்டுச் சொன்னதில்லை. கடைசி வரி இது: ‘செவ்வாய்க்கிழமை எந்த ஜீப்பில் இறங்குகிறாய் என்று தெரியும். எந்த வளைவில் நிறுத்தவேண்டும் என்றும் தெரியும்.’

‘எழுதியவரின் எண் என் தளத்தில் பதிவாகியிருக்கிறது. அது உங்கள் கம்பெனியுடையது என்று தேடித் தெரிந்துகொண்டேன். நேரம் 14:10. அன்று நான் விளக்கு வைப்பதற்குள்ளேயே மூன்று பேர் அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். இந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஊருக்குள் இறங்கவில்லை’ என்று முடித்திருந்தாள்.

லில்லி பேனாவை எடுத்தாள். பதினான்கு பத்து. ஐந்தரையைக் கூட்டினாள். ராத்திரி ஏழு நாற்பது. பதிவேட்டில் அந்த எண் அந்த நேரத்தில் இருந்த வீடு, மலையடிவாரத்து முந்தல், காசிராஜன்.

காசிராஜனை அவளுக்குத் தெரியும். போடிமெட்டுக்கு ஆள் ஏற்றி ஜீப்பு ஓட்டுகிறவர். ஜீப்பு, வளைவு, செவ்வாய்க்கிழமை, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. இத்தனை சரியாகப் பொருந்தியதே போதும் என்று இருந்துவிட்டாள்.

மிரட்டல் என்றால் மூன்று நாள் இணைப்பை நிறுத்தி, எழுத்தில் எச்சரிக்கை கொடுக்கவேண்டும் என்பது கம்பெனி விதி. பெயரைப் போலீஸ் கேட்டால் மட்டும் சொல்லலாம். புகார் செய்தவர் கேட்டாலும் சொல்லக்கூடாது. வியாழக்கிழமை முந்தல் இணைப்பை நிறுத்தினாள். ‘உங்கள் இணைப்பிலிருந்து, ஞாயிறு இரவு 7:40 மணிக்கு, ஒரு பெண்ணை இழிவாகவும் மிரட்டியும் எழுதப்பட்டுள்ளது’ என்று கடிதம் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். சந்திரவல்லிக்கு, ‘நடவடிக்கை எடுத்தோம். போலீசில் புகார் கொடுப்பதானால் இந்தக் கடித எண்ணைக் கொடுங்கள்’ என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை பெத்துராஜ் வந்தபோது சொன்னாள். “நீங்க பாத்தாச் சரியாத்தான் இருக்கும்” என்றார்.

இணைப்பை நிறுத்தி ஒன்பது நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை காசிராஜன் மாடிப்படி ஏறி வந்தார். சத்தம் போடவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நாலாக மடித்த கடிதத்தை மேசையில் வைத்தார்.

“இது நீங்க போட்டதா தாயி?”

“ஆமாண்ணே.”

“எனக்கு எம்பேர எழுதவே ஒரு பீடி பத்தவச்சு அணையற நேரம் ஆகும். நான் எங்கிட்டு இவ்வளவு எழுதுறது?”

“வீட்டுல வேற யாராச்சும்…”

“அதத்தான் எம்பொண்டாட்டியும் கேட்டா.” அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அன்னைக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் கோயில்ல கிடா வெட்டு. ஆறரைக்கு வீட்டப் பூட்டிட்டு எல்லாரும் அங்கிட்டுப் போயிட்டோம். மக மகாராணியும் மாப்ளையும் வந்திருந்தாக. ஏழரை வாக்குல குண்டா ஒண்ணு பத்தலன்னு மாப்ளதான் தனியா வீட்டுக்கு வந்து எடுத்தாந்தாரு. ஒங்க கடுதாசில ஏழு நாப்பது. அனுசியா புடிச்சுக்கிட்டா. ‘ஏழு நாப்பதுக்கு வீட்டுல யாரு இருந்தா? மாப்ளதான இருந்தாரு?’ன்னு கேட்டுப்புட்டா, அவரு மொகத்துக்கு நேரா.”

“அவரு என்ன சொன்னாரு?”

“பைய எடுத்தாரு, பஸ்சு ஏறிட்டாரு. மக எங்க வீட்டுலயே கெடக்கு. போன் போட்டா எடுக்க மாட்டேங்குறாரு.” எழுந்தவர் கடிதத்தைக் காட்டினார். “நீங்க தப்பா எழுதுற ஆளு இல்லன்னு ஊரே சொல்லுது. அதான் எனக்குப் பயமா இருக்கு. மாப்ளதானான்னு இன்னொருக்கப் பாத்துச் சொல்லுங்க. ஆமான்னாலும் சொல்லிருங்க.”

அவர் இறங்கிப் போனதும் லில்லி முந்தல் வீட்டு இணைப்பின் கணக்கைத் திறந்தாள். அன்று ஏழிலிருந்து எட்டு மணிவரை அந்த இணைப்பில் ஒன்றும் போகவில்லை, ஒன்றும் வரவில்லை. பெட்டி விழித்திருந்தது, அவ்வளவுதான். பூட்டிய வீட்டில் அது எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. குண்டா எடுக்க வந்தவர் போனைத் தொடக்கூட இல்லை.

சந்திரவல்லியின் கடிதத்தைத் திரும்ப எடுத்தாள். ‘நான் விளக்கு வைப்பதற்குள்ளேயே மூன்று பேர் அதைப் படித்துவிட்டு’ என்ற வரியில் கண் நின்றது. மலையில் ஆறு மணிக்கே விளக்கு வைத்துவிடுவார்கள். ஏழு நாற்பதுக்கு எழுதியதை ஆறு மணிக்கு முன்னால் எப்படிப் படிக்க முடியும்?

கடிதம் எழுதியது மெஷின் இல்லை. லண்டனிலிருந்து வரவில்லை. முப்பது கிலோமீட்டர் மேலேயிருந்து, தன் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு பெண் எழுதியது. பதினான்கு பத்து என்றால் மத்தியானம் இரண்டு பத்து. பதினொரு வருடம் கூட்டிய கை, யோசிக்காமல் அங்கேயும் கூட்டிவிட்டது.

மத்தியானம் இரண்டு பத்துக்கு அந்த எண் எந்த வீட்டில் இருந்தது என்று பார்த்தாள். நான்கு ஐந்துக்குக் கரண்ட் போகும்வரை ஒரே வீட்டில்தான் இருந்திருக்கிறது. பிரேம்சிங், போடிநாயக்கனூர். கரண்ட் திரும்ப வந்தபோது அது முந்தலுக்குப் போயிருக்கிறது.

அந்த இரண்டு பத்து அவளுக்கு நினைவிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அவளும் அங்கேதான் இருந்தாள். ஸ்வீட்டி தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். பிரேம்சிங் ஃபேனுக்கு அடியில் நாற்காலியில் சாய்ந்து, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் எதையோ தட்டினான், தானாகச் சிரித்தான். “என்னடா?” என்று அவள் கேட்டாள். “ஒண்ணுமில்லக்கா, மலைக்கு மேல ஒரு பொம்பள ஏலக் கம்பெனி நடத்துறா” என்றான். அவளும் சிரித்து வைத்தாள். அவன் மலையில் வீடு வீடாகப் போய்ச் சிறு தோட்டக்காரர்களிடம் காய் வாங்குகிறவன். வியாபாரப் பேச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று கொட்டகைப் பெண்கள் வேலை முடிந்து போன பிறகும் அவள் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. முந்தலுக்கு ‘தவறு நடந்துவிட்டது’ என்று மட்டும் ஒரு வரி எழுதிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடலாம். பதிவேட்டைத் திறந்து பார்க்க அவளைத் தவிர யாரும் இல்லை. அதற்காகவே விட முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் போட்டு, “இன்னைக்கு வரலடா, முந்தல்ல ஒரு சோலி” என்றாள்.

“ஞாயித்துக்கெழமையும் வயரப் புடிச்சுத் தொங்குறியா? சரி, ராத்திரிக்குக் கொழம்பு குடுத்து விடவா?”

“வேணாம்” என்று வைத்துவிட்டாள்.

காசிராஜன் வீட்டில் அவர் மனைவி அனுசியா வாசலில் நின்றபடியே கடிதத்தை வாங்கினாள். படிக்கத் தெரிந்தவள். ‘முந்தல் இணைப்பு குறித்து அனுப்பிய எச்சரிக்கை முழுவதும் தவறானது. நேரத்தைக் கணக்கிட்டதில் பிழை. அந்தப் பிழை என்னுடையது. குறிப்பிட்ட எழுத்துக்கும் இந்த வீட்டில் இருந்தவர்களுக்கும் வந்தவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. லில்லி.’

“அப்ப எழுதுனது யாரு?”

“அதச் சொல்ல முடியாதும்மா.”

“எங்க வீட்டுப் பேர மட்டும் வெரசாக் கண்டுபிடிச்சீக. இப்ப வாய் வரலையோ? பெரிய எடத்துப் புள்ளையோ?”

“யாராயிருந்தாலும் சொல்லக்கூடாது.”

“விடு அனுசியா. பஸ்சு ஏறி வந்திருக்காகள்ல” என்றார் காசிராஜன். அனுசியா கடிதத்தை மகளிடம் நீட்டினாள். மகாராணி அதை வாங்கவில்லை. வேறு ஒரு போனிலிருந்து கணவனின் நம்பரை அழுத்தி, மணி அடிப்பது கேட்டதும் போனை லில்லியின் கையில் கொடுத்தாள்.

“நீங்களே வாசிங்க. நாங்க சொன்னா அவரு நம்ப மாட்டாரு.”

அந்தப் பக்கம் ‘யாரு?’ என்ற குரலுக்கு லில்லி தன் பெயரையும் கம்பெனியையும் சொன்னாள். பிறகு கடிதத்தைத் திரும்ப வாங்கி முதலிலிருந்து வாசித்தாள். பின்னணியில் எங்கோ பஸ்சு ஹாரன் கேட்டது.

“இன்னொருக்க வாசிங்க” என்றான் மாப்பிள்ளை மனோஜ்.

மறுபடியும் வாசித்தாள்.

“அந்த நேரத்த எப்பிடித் தப்பாப் போட்டீங்க?”

அவள் சொன்னாள். லண்டனைப் பற்றியும் ஐந்தரை மணி நேரத்தைப் பற்றியும் சொன்னாள். ஒரு குடும்பத்தின் வாசலில் நின்று சொல்லும்போது அது ஒரு காரணமாகவே ஒலிக்கவில்லை.

“நீங்க லண்டன் நேரத்தக் கூட்டுனீங்க. எங்க அத்தை ஒரு நிமிசத்துல என்னையக் கூட்டி வச்சிட்டாக” என்றான். பிறகு, “அவகிட்டக் குடுங்க.”

மகாராணி போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். லில்லிக்கு அதற்கு மேல் அங்கே வேலை இல்லை. யாரும் உட்காரச் சொல்லவில்லை. காசிராஜன் ரோடுவரைக்கும் கூட வந்து, பஸ்சை நிறுத்தி ஏற்றிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பிரேம்சிங் வீட்டு இணைப்பை நிறுத்தினாள். முந்தலுக்கு அடித்த அதே வாசகம். நேரம் மட்டும் பிற்பகல் 2:10. கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தாள். சந்திரவல்லிக்கு எழுதினாள்: ‘முதலில் எடுத்த நடவடிக்கை வேறொரு வீட்டின் மீது, என் தவறால். இப்போது சரியான இணைப்பின் மீது எடுத்திருக்கிறோம். போலீஸ் கேட்டால் பதிவேட்டைக் கொடுப்போம்.’

பத்தரைக்குப் போன் வந்தது.

“அக்கா, வீட்டுல நெட்டு இல்ல. என்னன்னு பாரு.”

“பாத்துட்டேன். நாந்தான் நிறுத்துனேன். லெட்டர் வரும்.”

“என்ன லெட்டரு?”

“மலைக்கு மேல ஏலக் கம்பெனி நடத்துற பொம்பளைக்கு நீ எழுதுனதுக்கு.”

“அது சும்மா வெளையாட்டுக்கு.”

“எந்த வளைவுல நிறுத்தணும்னு எழுதிருக்க, பிரேமு. அவ அந்தச் செவ்வாக்கெழமை எறங்கல.”

“எங்க பொழப்புல அவ மண்ணள்ளிப் போடுறா, அது ஒனக்குத் தெரியல. சரி, நாந்தான் எழுதுனேன்னு எதவச்சுச் சொல்ற? அன்னைக்கு நீயும் இங்கதான இருந்த? ஒம்போனும் எங்க நெட்டுலதான கெடந்துச்சு? எங்கக்காதான் எழுதுனான்னு நான் சொன்னா?”

“சொல்லு. பதிவேட்டுல வீடுதான் இருக்கு, ஆளு இல்ல. போலீஸ் வந்தா நானும் அங்க இருந்தேன்னுதான் சொல்லுவேன். நீ சிரிச்சதயும் சொல்லுவேன்.”

“ஒரு மோருஞ்சோத்துக்குக்கூட விசுவாசம் இல்லையே ஒனக்கு” என்றான். வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஸ்கூட்டர் இல்லை. தம்பியும் ஸ்வீட்டியும் முதல் ஆராதனைக்கே வந்துவிட்டுப் போனதாக ஒருத்தி சொன்னாள். லில்லி நடந்தே வீட்டுக்குப் போய் அரை டம்ளர் அரிசி போட்டாள்.

சந்திரவல்லியிடமிருந்து பதில் வந்தது. பதினொரு வருடத்தில் முதல் பதில். ‘போலீசுக்குப் போகவில்லை. எனக்குப் பெயர் வேண்டாம். நாளை செவ்வாய்க்கிழமை இறங்குகிறேன்.’ லில்லி அதற்கு எழுத உட்கார்ந்து, நான்கு வரி எழுதி அழித்துவிட்டு, ‘சரி’ என்று அனுப்பினாள். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜன்னலில் நின்று கடைவீதியைப் பார்த்தாள். தோளில் பையோடு பல பெண்கள் போனார்கள். எவளென்று தெரியவில்லை.

காசிராஜன் பில் கட்ட வந்தபோது, மாப்பிள்ளை வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். “அத்தைகூடப் பேச்சு இன்னும் இல்ல. குடுத்த காப்பியக் குடிச்சாரு. அதுவரைக்கும் பெருசு.”

மூன்றாவது வாரம் ஸ்வீட்டி ஆபீசுக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து வீட்டுப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். வயரை அழகாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள்.

“அவுக வேற கம்பெனில எடுத்துட்டாக மதினி. இதத் திருப்பிக் குடுத்ததுக்கு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாக.”

லில்லி ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். பெயர், பெட்டி எண், தேதி. நேரம் என்ற இடத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 11:20 என்று எழுதினாள்.

ஸ்வீட்டி ரசீதை வாங்கிப் பையில் வைத்தாள். கிளம்பவில்லை. மெஷின் அலமாரியின் இரைச்சலுக்கு நடுவே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“போன ஞாயித்துக்கெழமையும் ஒரு ஆளுக்குச் சேத்து அரிசி போட்டுட்டேன் மதினி. கை பழகிப் போச்சு.”

“எனக்கும் அப்பிடித்தான் ஆச்சு” என்றாள் லில்லி.

லில்லி எதைச் சொல்கிறாள் என்று ஸ்வீட்டி கேட்கவில்லை. படியிறங்கும் சத்தம் நின்றதும் லில்லி பெட்டியை அலமாரியின் கீழ்த்தட்டில், திரும்பி வந்த பெட்டிகளோடு வைத்தாள். பிறகு புகார் நோட்டை எடுத்து, நேரம் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு கிழித்தாள். தலைப்பில் ‘எந்த ஊர் நேரம்’ என்று எழுதினாள். கோடு ஒவ்வொரு பக்கத்திலும் வேண்டும். நோட்டில் மீதி நூற்றுப்பத்துப் பக்கம் இருந்தது. மத்தியானம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து எல்லாவற்றிலும் கிழித்து முடித்தாள்.